அக்காவின் கட்டைவிரல்

எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த அக்கா முதலில் எதையாவது அமுக்கிப் பார்ப்பார். கதவு நிலை, கட்டில் கால், கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டியின் மூடி, எது கைக்கு எட்டுகிறதோ அது. வலது கையின் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓர் அழுத்து. ஒரு நொடி தலையைச் சாய்த்துக்கொள்வார். பிறகு "தாங்கும்" என்பார், அல்லது "தாங்காது" என்பார். அதற்கு அப்புறம்தான், "ஏனுங், எல்லாருஞ் சௌக்கியந்தானுங்களா?" என்று வீட்டு மனிதர்களிடம் திரும்புவார்.

அவர் எனக்கு உறவு இல்லை. கோவிந்தாபுரம் போகும் சாலையில் எங்கள் வீடும் அவர் வீடும் எதிரெதிரே இருந்தன. நான் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாலையைக் கடந்து வந்து, பூசிய சுவரில் கட்டைவிரலை வைத்து, "தண்ணி பத்தலீங் தம்பி. இன்னுங் கொஞ்ச நாளைக்கு நல்லா நனைங்க" என்றார். கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏக்கா, உங்களுக்குக் கொத்துவேலை தெரியுமா?"

"எனக்குத் தெரியாதுங். வெரலுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார். நான் சுவரை நனைத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, அவருடைய வீட்டுக்காரர் மாமா.

அக்கா சொன்னது பெரும்பாலும் நடந்தது. அடுத்த தோட்டத்துக் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, "இது சித்திரை வரைக்கும் வராதுங்" என்றார். பங்குனிக் கடைசியில் வாளியோடு உள்ளே போயிற்று. ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தலின் மூலைக் கம்பத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, அதை மாற்றாமல் பந்தியில் உட்கார மாட்டேன் என்று நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். கம்பத்தைப் பிடுங்கியபோது மண்ணுக்குள் இருந்த பாகம் முழுவதும் கறையான். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பந்தல் போடுகிறவர்கள் அவர் வருவதைப் பார்த்தால், "அக்கா வந்தாச்சு, கம்பத்தக் கெட்டியாப் புடிச்சுக்கோங்கடா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள்.

பால் சொசைட்டியில் அளக்கிறவருக்கு அவரைச் சீண்டாமல் பொழுது விடியாது.

"அக்கா, எனக்குக் கடவாப்பல்லு ஒண்ணு ஆடுது. செத்த அமுக்கிப் பாத்துச் சொல்லுங்க்கா."

"பல்லு கெடக்குது உடு. நாக்கு ரொம்ப நாளைக்குத் தாங்கும் உனக்கு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரிக்க, அக்கா சிரிக்காமல் கேனை எடுத்துக்கொண்டு நடப்பார்.

இதையெல்லாம் கேட்பவர்களுக்கு அவர் கஞ்சம் பிடித்தவர் என்று தோன்றலாம். அப்படி இல்லை. தென்னந்தோப்பின் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, சத்தம் மாறிவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிப் போட்டார். மாமா முணுமுணுத்தார். கழற்றியதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், உள்ளே கம்பிச் சுற்று கருகியிருப்பதைக் காட்டினார். அதே அக்கா, வார் அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். "அடி இன்னும் தேயலீங்களே" என்பது அவர் நியாயம். சீக்கிரமாகத் தூக்கி எறிவது, தாமதமாகத் தூக்கி எறிவது, இரண்டும் அவருக்கு ஒரே தப்புதான். "இருக்கற உசுர முழுசா எடுத்துக்கோணும். இல்லாத உசுர எதிர்பாத்துட்டு ஒக்காந்திருக்கக் கூடாது" என்று ஒரு முறை என் மனைவியிடம் சொன்னார். மிக்ஸி ஜாரைப் பற்றிய பேச்சுக்கு நடுவே சொன்னது அது.

எங்கள் ஊர் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று, தெற்கே நிற்கும் மலையை உரசிக்கொண்டு இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குப் போகும். பனைமரங்கள் ஒரு பக்கமாகச் சீவிவிட்டதுபோல நிற்கும். ஓட்டு வீடுகளில் ஓடுகள் எழுந்து எழுந்து உட்காரும். அந்தக் கடகடப்பு இரவும் பகலும் கேட்கும். அதோடுதான் இங்கே எல்லாரும் தூங்குகிறார்கள். முகட்டு ஓட்டையும் ஓரத்து ஓட்டையும் மட்டும் சிமெண்டு வைத்துப் பிடித்திருப்பார்கள். நடுவில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வருடம் காற்று மோசமாக இருந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஓடு கடகடக்கும்போதெல்லாம் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. அக்கா அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காற்று ஓய்ந்ததும் ஆளைக் கூப்பிட்டு, ஓட்டுக்கு ஓடு எல்லா இணைப்பையும் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். இந்தச் சாலையில் அதற்கு முன்னாலும் சிலர் செய்ததுதான். காற்றுக்குப் பயந்தவர்கள் செய்கிற வேலை. ஆனால் அக்கா அளவுக்கு ஒரு இடுக்கு விடாமல் யாரும் அடைக்கவில்லை.

அடுத்த ஆடியில் ஊரெல்லாம் கடகடத்தபோது அந்த வீடு மட்டும் வாய் திறக்கவில்லை. மாமா தூங்கினார். அக்கா என்னை அழைத்துப்போய்த் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஓட்டு இணைப்பை அமுக்கிக் காட்டினார். "தாங்குமுங் தம்பி. நம்ம காலத்துக்கு இனி இதுல கை வெக்க வேண்டியதில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவுக்குச் சவரம் செய்வது என் வேலையாகிவிட்டது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் செய்தேன், பிறகு அது நடந்துகொண்டே இருந்தது. அந்த அறையில் சிறிய சன்னல் ஒன்று உண்டு. அது மாட்டுக்கொட்டகைச் சுவரைப் பார்த்திருந்தது. மற்றபடி அவருக்குப் பார்ப்பதற்கு ஓடும் அதைத் தாங்கும் கைமரமும்தான்.

"மாப்ள, என்னைய அமுக்கிப் பாத்துத்தான் கட்டிக்கிட்டா. அன்னைக்குத் தாங்கும்னு சொன்னா. வாரண்டி முடிஞ்சுபோச்சு."

"ஆடாம இருங்க மாமா, கத்தி பட்டுரும்."

"படட்டும். ஒடம்புல ரத்தம் ஓடுதான்னு தெரிஞ்சுக்கலாம்."

அவர்களுடைய ஒரே மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். அடுக்குமாடி வீடு, இரண்டு பேருக்கும் வேலை. வாரம் தவறாமல் போனில் வருவாள். ஓடு பழசாகிவிட்டது, மரம் அதைவிடப் பழசு, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தகரச் சீட் போட்டுவிடலாம், வேலை முடியும்வரை அப்பாவை இங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்பாள். அக்கா ஸ்பீக்கரில்தான் பேசுவார், எதிர்வீட்டு வாசலில் நிற்கும் எனக்கும் கேட்கும்.

"ஓட்டுல ஒரு சொட்டு எறங்குனதுண்டா கண்ணு? இல்லேல்ல? பின்னென்ன?"

"அம்மா, எறங்குன பொறகு மாத்தறதா?"

"நான் வருசாவருசம் பாக்கறேன் சாமி. தாங்கும். ஆனா உங்கப்பன ஊட்ட உட்டு வெளிய எடுத்தா, அவரு தாங்க மாட்டாரு."

இந்த இரண்டாவது தீர்ப்பில்தான் எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் வந்த அன்று வழியில் மாமாவுக்கு மூச்சு இரைத்து, முகம் நீலமாகியிருக்கிறது. அக்கா அதை மறக்கவில்லை. கதவைத் தாண்டினால் இந்த மனிதர் திரும்ப உள்ளே வர மாட்டார் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஓட்டை மாற்றுவதென்றால் அவரை வெளியே எடுக்க வேண்டும். ஆகவே ஓடு தாங்கியாக வேண்டும். இதை இப்படி வரிசையாக அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழைக்கு முன்னால் அவர் வீட்டைச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். தரையில் ஈரம் இருக்கிறதா, சுவரில் கறை இறங்கியிருக்கிறதா, மாமாவின் படுக்கையில் ஏதாவது உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தாழ்வாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். பனங்கை, கல்லுப்போல இருக்கும். அவர் கைக்கு எட்டியது அந்த நுனிகள் மட்டும்தான். வெயிலும் காற்றும் படுகிற நுனிகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசி மாதத்தில், சவரம் முடித்து மாமாவின் கன்னத்தில் பவுடர் போட்டேன். அக்கா வெந்நீர் கொண்டுவந்து அவருடைய இடது கையைக் கழுவ எடுத்தார். விரல்களை விரித்தவர் அப்படியே நின்றார்.

"இதென்னுங் கையில?"

"பவுடரு" என்றார் மாமா.

உள்ளங்கை ரேகைகளிலும் நகக் கண்களிலும் வெளிர் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. அக்கா அதைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"பவுடரு மணக்குமுங்க. இது மணக்கலீங்களே."

"பழைய பவுடரு."

"தம்பி, டப்பா எப்ப வாங்குனதுங்?"

"போன வாரங்க்கா" என்றேன். மாமா என்னை முறைத்தார்.

அக்கா குனிந்து, சுவரோரம் மெத்தையைத் தூக்கினார். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் முறத்தில் அள்ளும் அளவுக்கு மரத்தூள் குவிந்திருந்தது. பூச்சி அரித்து உதிர்ந்த மாவு. ஒவ்வொரு நாளும் அக்கா எழுந்து வருவதற்குள், அசையும் ஒரே கையால் போர்வையிலிருந்து அதை வழித்துச் சுவர்ப்பக்கம் தள்ளியிருக்கிறார் மாமா.

"எத்தன நாளாங்க?"

அவர் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். போன மழைக்கு முந்தியேங்களா?"

"சொன்னா ஓட்டப் பிரிப்ப. பிரிச்சா என்னையக் கோயமுத்தூருக்கு ஏத்துவாங்க. அங்க மேல பாத்தா வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரு பல்லி கூட வராது" என்றார். பிறகு, "நீ ஒத்தையில இங்க மாட்டுக்கும் தோப்புக்கும் நடுவுல கெடப்ப. அதான்" என்றார்.

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் மாமாவின் கையைத் துடைத்தார், விரல் விரலாக. "வருசாவருசம் பாத்தேன் பாத்தேன்னு சொன்னேனே. நீங்க தொடச்சு வெச்சதத்தானுங்க பாத்திருக்கறேன்" என்றார். பிறகு தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலையே கொல்லங்கோட்டிலிருந்து ஓட்டு வேலை மேஸ்திரி வந்தார். ஏணி வைத்து மேலே ஏறி, உளியால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒரு அறை மட்டும் பிரிக்க முடியாதுங்க்கா. எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கெடக்குது. ஒண்ண நெம்புனா நாலு ஒடையும். எறக்கறதுன்னா மொத்தமா எறக்கோணும். அதுவும் எடவப்பாதிக்கு முந்தி."

"ஒரு சொட்டு ஒழுகலீங்களே?"

"ஒழுகாதுங். வெயிலுக்கு ஓடு விரியும், ராத்திரி சுருங்கும். சிமெண்டு தலமுடியாட்டம் வெடிச்சிரும். அதுல எறங்கற தண்ணி கீழ சொட்டாது, மரமே குடிச்சுக்கும். ஓடு சும்மா கெடந்தாக் காத்துப் பூந்து காஞ்சிரும். நீங்கதான் காத்தையும் அடச்சுட்டீங்களே."

"அப்ப நானேதான் கெடுத்தனுங்களா?"

மேஸ்திரி வெற்றிலைப் பையைத் தேடினார். "இந்த ரோட்டுல பாதிப் பேரு பண்ணியிருக்கறாங்க்கா. நீங்க கொஞ்சம் நல்லாப் பண்ணிட்டீங்க."

மகள் போனில், சீட் போடுங்கள், வேலையும் சீக்கிரம் முடியும், காற்றுக்கும் பறக்காது என்றாள். அக்கா உடனே மறுக்கவில்லை. கோடை மழை பெய்த ஒரு சாயங்காலம், குடையைப் பிடித்துக்கொண்டு பால் சொசைட்டியின் சீட் கூரைக்குக் கீழே போய், மழை விடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது என் வாசலில் நின்று, "செண்டை மேளமுங் தம்பி! உள்ளுக்குள்ள ஒக்காந்து கேட்டா மண்டை காலி!" என்று கத்தினார். அவருக்கே தன் குரல் கேட்கவில்லை போலிருந்தது. ஆக, ஓடுதான். ஓட்டுக்கு அடியில் புது ரீப்பர்ச் சட்டம், புது ஓடு, நடுவில் எங்கும் சிமெண்டு கிடையாது.

மீதம் இருந்தது ஒரே கேள்வி. வேலை முடியும்வரை மாமா எங்கே இருப்பது?

எங்கள் வீட்டுக்கு முன்னால் கம்பி அடித்த சிட்-அவுட் வராந்தா ஒன்று இருந்தது. காற்றாடி உண்டு, கட்டில் போட இடம் உண்டு. நானும் மனைவியும் போய்ச் சொன்னோம். அக்கா சாலையைக் கடந்து வந்து பார்த்தார். கம்பியை அமுக்கினார், தரையைக் காலால் தட்டினார், காற்றாடியின் கொக்கியை அண்ணாந்து பார்த்தார். வழக்கமான சொல் வரவில்லை.

"இதெல்லாந் தாங்குமுங் தம்பி. அவரு தாங்குவாருங்களா?"

தாங்குமா என்று அக்கா இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.  ஆம்புலன்சில் நடந்ததை நானும் அறிவேன். மூச்சு நின்றுபோக இந்தச் சாலையின் அகலமே போதும்.

"மாமாகிட்டக் கேட்டீங்களாக்கா?"

"அவருகிட்ட என்னத்தக் கேக்கறது?" என்றார். ஆனால் போய்க் கேட்டார். நான் பின்னால் நின்றேன்.

"ஏனுங், தம்பி ஊடு வரைக்கும் தூக்கிட்டுப் போனாத் தாங்குவீங்களா?"

மாமா ஓட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "தூக்கறவனுக தாங்குவானுகளான்னு கேளு."

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தூக்கினார்கள். பால் சொசைட்டிக்காரரும் மேஸ்திரியின் ஆட்களும் கட்டிலோடு தூக்க, அக்கா மாமாவின் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். வாசலைத் தாண்டியதும் மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். அக்கா "நில்லுங்க, நில்லுங்க" என்றார். எல்லாரும் சாலையின் நடுவில் நின்றுவிட்டோம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த மாங்காய் லாரி ஒன்று பொறுமையாக ஒதுங்கி நின்றது.

"என்னங் பண்ணுது? மூச்சு வாங்குதுங்களா?"

"வெளிச்சம்" என்றார் மாமா. "கண்ணு கூசுது. வேறொண்ணுமில்ல. போங்கடா."

லாரி ஓட்டுநர் தலையை நீட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டார். "ஊடு மாத்தறேன்" என்று கட்டிலில் இருந்தபடியே மாமா பதில் சொன்னார். பால் சொசைட்டிக்காரருக்குச் சிரிப்பு வந்து கட்டில் ஒரு பக்கம் சாய, அக்கா அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே எங்கள் வாசல்படி ஏறினார்.

ஓடு இறக்கும் வேலை தொடங்கியது. ஒன்றுகூட முழுதாக வரவில்லை. ஒட்டிப்போனவை உடைந்துதான் இறங்கின. நல்ல ஓடுகள், இன்னும் வெகுகாலம் இருந்திருக்கக் கூடியவை. அக்கா ஒரு துண்டை எடுத்து விளிம்பை அமுக்கிப் பார்த்துவிட்டுக் குவியலில் போட்டார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேஸ்திரி மேலே இருந்து அக்காவைக் கூப்பிட்டார். நானும் போனேன். மாமாவின் கட்டிலுக்கு மேலே ரீப்பர்தான் அரித்திருந்தது. கைமரம் கெட்டியாகவே இருந்தது. மேஸ்திரி காட்டியது அடுத்த அறை. அக்கா படுக்கும் அறை. சுவரில் உட்காரும் இடத்தில் கைமரம் கறுத்து, நனைந்த பஞ்சுபோல இருந்தது. கடப்பாரை தன் கனத்திலேயே உள்ளே போயிற்று. துண்டை அறுத்துக் கீழே இறக்கினார்கள். அக்கா கட்டைவிரலை வைத்தார். விரல் நகம் மறையும்வரை இறங்கியது.

"இங்க ஒரு பொடி உளுகலீங்களே" என்றார்.

"காஞ்ச மரந்தானுங்க பொடியா உளுகும்" என்றார் மேஸ்திரி. "ஈர மரம் ஒண்ணும் உளுகாது. உளுகறப்ப மொத்தமா உளுகும். உங்க நல்ல நேரம்."

நேராகக் கீழே அக்காவின் கட்டில் கிடந்தது. அதன்மேல் மடித்து வைத்த போர்வையும் ஒரு தலையணையும். அக்கா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். வீட்டில் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தவர், தான் படுக்கும் இடத்துக்கு மேலே இத்தனை வருடத்தில் எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

"இத அவருகிட்டச் சொல்லிராதீங் தம்பி" என்றார்.

சிட்-அவுட்டில் மாமா தயாராகக் காத்திருந்தார். "எது போயிருந்துச்சு?"

"எல்லாங் கொஞ்சங் கொஞ்சமுங்" என்றார் அக்கா.

மாமா அவர் முகத்தையும், சேலையில் இருந்த கறுப்புக் கறையையும் பார்த்தார். 

எங்கள் சிட்-அவுட்டில் மாமா இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் கண்ணை மூடியும் திறந்தும் கிடந்தார். பிறகு தலைமாட்டில் இரண்டு தலையணை கேட்டார். பிறகு கட்டிலைச் சாலையைப் பார்த்துத் திருப்பச் சொன்னார். கொல்லங்கோடு பஸ் எப்போது வருகிறது, எந்த டிரைவர் பிரேக்கை மெதுவாகப் போடுகிறார் என்றெல்லாம் என் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார். போகிற வருகிறவர்கள் கம்பிக்கு வெளியே நின்று பேசினார்கள். பலர் அவர் இன்னும் பேசுவார் என்பதையே அறிந்திருக்கவில்லை. பால் சொசைட்டிக்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழ மாட்டார். எதிரே கூரையில் வேலை செய்யும் ஆட்களுக்கு இங்கிருந்தபடியே மாமா குரல் கொடுப்பார். "டேய், மூணாவது வரி கோணலா இருக்குது!" அவர்களும் "செரீங் ஐயா" என்று சொல்லிவிட்டுத் தங்கள் போக்கில் செய்வார்கள். அவர் குரல் தெளிந்துகொண்டு வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா, சில சமயம் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்ப்பார்.

கடைசி முகட்டு ஓடு ஏறியது. அக்கா வீட்டைக் கழுவி, உள்ளறையில் புது விரிப்பு விரித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார். கூடவே கட்டில் தூக்க ஆட்கள்.

"போலாமுங்களா?"

மாமா சாலையைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கி வேண்டாமே" என்றார்.

"நல்ல நாளுங்க."

"நாளைக்கும் நல்ல நாளாத்தான் இருக்கும்."

"ஊடு புதுசாக் கெடக்குது. வெளக்கேத்தி வெச்சிருக்கறேன். அடுத்தவங்க ஊட்டுல எத்தன நாளைக்குங்க?" அக்காவின் குரல் உயர்ந்தது. என் மனைவி குறுக்கிட்டு, எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது அவர் காதில் விழவில்லை.

"அந்த அறையில என்ன இருக்குது?" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. "ஓடு மாத்தியாச்சு. ஓட்டத்தானே மாத்தியிருக்கற. நானு மறுக்கா அண்ணாந்து கெடக்கோணும். இங்க ஆளு மூஞ்சியாச்சும் தெரியுது. இன்னுங் கொஞ்ச நாளு இருக்கறனே."

ஆட்கள் துண்டைத் தோளில் போட்டபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே எடுத்தால் உயிர் போய்விடும் என்று இத்தனை வருடம் எந்த மனிதரைச் சுவருக்குள் பொத்தி வைத்திருந்தாரோ, அந்த மனிதர் உள்ளே வர மாட்டேன் என்கிறார். 

"ஏனுங் இத முன்னாடியே சொல்லலீங்க?"

"எனக்கே இங்க வந்துதான் தெரிஞ்சுது."

அக்கா ஆட்களை அனுப்பிவிட்டார். சாலையைக் கடந்து வீட்டுக்குப் போனவர், கொஞ்ச நேரத்தில் தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "எனக்கும் ஓரமா எடம் இருக்குமுங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டார். எதிரே அந்த வீடு, விளக்கு எரிய, பூட்டிக் கிடந்தது.

எடவப்பாதி அந்த வருடம் கொஞ்சம் முந்தியே வந்தது. மதியத்துக்கு மேல் மலை மறைந்தது. காற்று முதலில், பிறகு மழை. சிட்-அவுட்டின் கம்பிக்குள் சாரல் அடித்தது. மாமாவின் கட்டிலை உள்பக்கம் தள்ளினோம். எதிரே புது ஓடுகள் முகட்டிலிருந்து கீழ்நோக்கி நிறம் கறுத்துக்கொண்டு வந்தன.

அக்கா எழுந்துவிட்டார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, "போயிப் பாத்துட்டு வந்தர்றேன். எந்த மூலையில எறங்குதோ" என்று படியில் காலை வைத்தார்.

மாமா இடது கையை நீட்டித் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "எறங்குனா எறங்கட்டும். ஒக்காரு."

"மொத மழைங்க. மொத மழையிலதானுங்க தெரியும்."

"ஒக்காருங்கறேன்."

அக்கா வீட்டைப் பார்த்தார். மழை ஓட்டில் விழுந்து, வரிசை வரிசையாகக் கூடி, தாழ்வாரத்தில் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று இங்கிருந்து தெரியாது. அவர் திரும்பி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமா தலைப்பை விடவில்லை.

என் மனைவி இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயிற்று. "பாத்தயா, இவனுக்குப் பிரேக்கே தெரியாது" என்றார் மாமா. "எவனுங்க அது?" என்று அக்கா கேட்டார். மாமா அந்த டிரைவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நெடுநேரம் சொன்னார். மழை விட்ட பிறகும் அக்கா எழுந்து போகவில்லை.